வெப்பமும் அதிர்வும் பிணைந்த உள்ளீடற்ற கோளம்: அணிக்கோவையை எழுதும் முன் ஒரு நீளத்தைக் கணக்கிடுங்கள்

முதுகலைக் கணித ஆய்வேட்டுக்காக வெப்பமீட்சிப் பண்புள்ள உள்ளீடற்ற கோளத்தின் அதிர்வுகளை எடுத்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்டவை மூன்று. கோளத்தை யாரும் சூடாக்கவில்லை. அப்படியிருக்க வெப்பநிலை எப்படிச் சமன்பாட்டுக்குள் வருகிறது? அதிர்வெண் சமன்பாட்டைக் கணினியில் போட்டால் எண்கள் எல்லை மீறி நிரல் நின்றுவிடுகிறது, என்ன செய்வது? பயோ, லார்ட்–ஷுல்மன், கிரீன்–லிண்ட்சே என்று கோட்பாடுகள் பல இருக்கின்றன, எதை எடுப்பது?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு அதிர்வு நடந்து முடிவதற்குள் வெப்பம் அந்த உலோகத்தில் எவ்வளவு தூரம் நகர முடியும் என்பதே அது. இந்த நீளத்தைக் கோளச் சுவரின் தடிமனோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அதிர்வெண் சமன்பாட்டின் அணிக்கோவையை விரிக்கத் தொடங்கினால், பக்கம் பக்கமாகச் சரியான கணிதம் எழுதலாம், ஆனால் வரும் எண் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் போய்விடும். இந்தத் துறையில் வரும் கட்டுரைகள் பலவற்றில் நான் காணும் குறையும் இதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘வெப்பம் உணரும்’ பொருள் என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்று, சூழலின் வெப்பநிலை மாறினால் பொருளின் யங் குணகம் மாறுவது. சாதாரண எஃகில் அறை வெப்பநிலையை ஒட்டி, டிகிரி ஒன்றுக்கு ஏறக்குறைய பத்தாயிரத்தில் இரண்டரை முதல் மூன்று பங்கு குறைகிறது. கைக்கடிகாரச் சுருள்வில்லில் இது பெரிய தொல்லையாக இருந்தது. அதற்காகவே எலின்வார் என்ற கலப்புலோகத்தை உருவாக்கினார் கியோம். நிக்கல் எஃகுக் கலப்புலோகங்களில் அவர் செய்த பணிக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது விஷயம் நுட்பமானது: சூழல் வெப்பநிலை அப்படியே இருந்தாலும், அதிர்வே பொருளுக்குள் சூட்டையும் குளிர்ச்சியையும் உண்டாக்கி, அந்தச் சூடு திரும்பவும் அதிர்வைப் பாதிப்பது. நீங்கள் எடுத்திருக்கும் பிணைந்த வெப்பமீட்சிக் கோட்பாடு இந்த இரண்டாவதைப் பற்றியது. முதலாவதை மாறும் குணகங்களாகத் தனியே சேர்த்துக்கொள்ளலாம். இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டாவதன் அடிப்படையைப் பதினோராம் வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். காற்றில் ஒலியின் வேகத்தை நியூட்டன் கணக்கிட்டபோது வெப்பநிலை மாறா நிகழ்வு என்று எடுத்தார். விநாடிக்கு 280 மீட்டர் என்று வந்தது. அளவீடு அதைவிடக் கூடுதலாக இருந்தது. அமுக்கப்பட்ட காற்று சூடாகிறது, அந்தச் சூடு பக்கத்துக்குப் போக நேரமில்லை, ஆகவே இது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று லாப்லாஸ் திருத்தினார். திடப்பொருளிலும் அதேதான் நடக்கிறது. எஃகை அமுக்கினால் துளி சூடாகும், இழுத்தால் துளி குளிரும். காற்றில் இந்தத் திருத்தம் வேகத்தை 18 சதவீதம் கூட்டுகிறது; எஃகில் ஒரு சதவீதத்தை எட்டுவதில்லை. வேறுபாடு அளவில்தான், வகையில் இல்லை.

இனி ஒரு குறிப்பிட்ட கோளத்தை எடுத்துக்கொள்வோம். எஃகு, சராசரி ஆரம் 10 சென்டிமீட்டர், சுவர்த் தடிமன் 5 மில்லிமீட்டர். யங் குணகம் 200 ஜிகாபாஸ்கல், பாய்சன் விகிதம் 0.3, அடர்த்தி கனமீட்டருக்கு 7850 கிலோகிராம், நீள் விரிவுக் குணகம் கெல்வினுக்கு பத்து லட்சத்தில் 12 பங்கு, தன்வெப்பம் கிலோகிராமுக்கும் கெல்வினுக்கும் 460 ஜூல், அறை வெப்பநிலை 300 கெல்வின். இந்தக் கோளம் முழுவதும் ஒரே சீராக விரிந்து சுருங்கும் அதிர்வுக்குச் சுவாச அதிர்வு என்று பெயர். மெல்லிய கூட்டுக்கு அதன் கோண அதிர்வெண்ணைக் கையாலேயே கணக்கிடலாம்: யங் குணகத்தை இரண்டால் பெருக்கி, அதை அடர்த்தி மற்றும் ஒன்றிலிருந்து பாய்சன் விகிதத்தைக் கழித்தது ஆகிய இரண்டின் பெருக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஆரத்தால் வகுக்க வேண்டும். விடை விநாடிக்கு ஏறத்தாழ 85,300 ரேடியன், அதாவது 13.6 கிலோஹெர்ட்ஸ்.

சுவர் ஒரு மைக்ரோமீட்டர் வெளியே நகர்ந்தால் எவ்வளவு குளிரும்? பரப்பு இரு திசையிலும் லட்சத்தில் ஒரு பங்கு நீள்கிறது. தடிமன் அதற்கேற்பச் சற்றுக் குறைகிறது. இரண்டையும் சேர்த்தால் நிகரப் பருமத் திரிபு லட்சத்தில் 1.14 பங்கு. இதற்கு ஈடாக வெப்பநிலை ஏறத்தாழ 6 மில்லிகெல்வின் இறங்கும். அரை அதிர்வு கழித்து அதே அளவு ஏறும். இவ்வளவு சிறிய எண்ணா என்று தோன்றலாம். ஆனால் இந்த 6 மில்லிகெல்வின் குளிர்ச்சி, விரிவை எதிர்த்து இழுக்கும் கூடுதல் தகைவாக வேலை செய்கிறது. கோளம் துளி விறைப்பாகத் தெரிகிறது.

இப்போது அந்த நீளம். வெப்பம் ஊடுருவும் ஆழம் என்பது, பொருளின் வெப்பப் பரவல் எண்ணை இரண்டால் பெருக்கி, கோண அதிர்வெண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வருவது. கார்பன் எஃகின் வெப்பப் பரவல் எண்ணை விநாடிக்கு ஒரு சதுர மீட்டரின் பத்து லட்சத்தில் 12 பங்கு என்று எடுத்தால், நம் கோளத்தில் இந்த ஆழம் 17 மைக்ரோமீட்டர். சுவரோ 5000 மைக்ரோமீட்டர். ஒரு அதிர்வுக்குள் சூடு சுவரின் முந்நூறில் ஒரு பங்கு தூரம்தான் நகர்கிறது. அப்படியானால் மீதிச் சுவர் முழுவதும் லாப்லாஸ் சொன்ன வெப்பப் பரிமாற்றமில்லா நிலையில் இருக்கிறது. உங்கள் ஆறு பக்கச் சமன்பாடுகள் கடைசியில் தரப்போகும் அதிர்வெண் என்ன என்பது இதிலேயே தெரிந்துவிட்டது: வெப்பநிலை மாறாப் பருமக்குணகத்துக்குப் பதிலாக வெப்பப் பரிமாற்றமில்லாப் பருமக்குணகத்தைப் போட்டால் வரும் அதிர்வெண்தான் அது.

எண்ணாகப் பார்த்தால், எஃகில் பருமக்குணகம் இதனால் 1.8 சதவீதம் கூடுகிறது. விறைப்புக் குணகம் மாறுவதில்லை, ஏனென்றால் சறுக்குத் திரிபில் பருமம் மாறுவதில்லை. சுவாச அதிர்வில் இரண்டு குணகங்களும் கலந்து வருவதால் அதிர்வெண்ணில் ஏற்றம் 0.34 சதவீதம், அதாவது 13.6 கிலோஹெர்ட்ஸில் சுமார் 46 ஹெர்ட்ஸ். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீங்கள் அட்டவணையிலிருந்து எடுக்கும் யங் குணகம் மெதுவாக இழுத்து அளந்ததா, மீயொலியால் அளந்ததா என்று பாருங்கள். மீயொலியால் அளந்தது ஏற்கெனவே வெப்பப் பரிமாற்றமில்லா மதிப்பு. அதைப் போட்டுவிட்டு மேலும் பிணைப்பையும் சேர்த்தால் அதே 46 ஹெர்ட்ஸை இரண்டு முறை எண்ணுகிறீர்கள்.

சரி, சமன்பாடுகளுக்கு வருவோம். இரண்டு சமன்பாடுகள் போதும். முதலாவது இயக்கச் சமன்பாடு: இடத்துக்கு இடம் தகைவு மாறும் வீதம், அடர்த்தியை முடுக்கத்தால் பெருக்கியதற்குச் சமம், தகைவில் வெப்பநிலை ஒரு உறுப்பாக வருகிறது. 1837-இல் துயமெல் தொடங்கிவைத்து, நாய்மன் பெயரும் சேர்ந்து இன்று துயமெல்–நாய்மன் விதி என்று வழங்குவது இந்த உறுப்பைத்தான். இரண்டாவது வெப்பக் கடத்தல் சமன்பாடு: வழக்கமான ஃபூரியே சமன்பாட்டோடு, பருமத் திரிபு மாறும் வீதத்துக்கு நேர்விகிதத்தில் ஒரு வெப்ப மூலம் சேர்கிறது. மீளா வெப்ப இயக்கவியலின் அடிப்படையில் இந்தப் பிணைப்பைத் தெளிவாக நிறுவியது பயோவின் 1956-ஆம் ஆண்டுக் கட்டுரை. பிணைப்பின் வலிமையைச் சொல்ல ஒரே ஒரு பரிமாணமற்ற எண் போதும். எஃகுக்கு மேலே சொன்ன மதிப்புகளைப் போட்டால் அது 0.011; அலுமினியத்துக்கு 0.03-ஐ ஒட்டி வரும். இந்த எண் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. குளிர்விக்கும்போது விரிவுக் குணகமும் சேர்ந்து குறைவதால் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் பிணைப்பு அற்றுப்போகிறது.

கோளம் என்பதால் அதிர்வுகள் இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன. 1882-இல் ஹொரேஸ் லாம்ப் திண்மக் கோளத்துக்கு இந்தப் பிரிவினையைச் செய்துகாட்டினார். உள்ளீடற்ற கோளத்துக்கும் அதுவே பொருந்தும். ஒரு குடும்பத்தில் கோளப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொள்கின்றன, ஆர திசையில் நகர்வே கிடையாது. சீரான, திசைசாராப் பொருளில் இவற்றில் பருமம் எங்கும் மாறுவதில்லை. ஆகவே வெப்பநிலை இந்தக் குடும்பத்தைத் தொடுவதே இல்லை: இரண்டுக்கு இரண்டு அணிக்கோவை, மெய்யெண் மூலங்கள், அவ்வளவுதான். இதை ஆய்வேட்டில் ஒரு பத்தியில் நிறுவிவிட்டு நகருங்கள். மற்றக் குடும்பத்தில்தான் பருமம் மாறுகிறது, வெப்பமும் அங்கேதான் வேலை செய்கிறது. அதில் ஒரு நெட்டலை, ஒரு குறுக்கலை, ஒரு வெப்ப அலை என்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் வெளிநோக்கியும் உள்நோக்கியும் இரண்டு தீர்வுகள். ஆக ஆறு மாறிலிகள். உள்பரப்பிலும் வெளிப்பரப்பிலும் செங்குத்துத் தகைவு, சறுக்குத் தகைவு, வெப்ப நிபந்தனை என்று மும்மூன்று. ஆறுக்கு ஆறு அணிக்கோவை சுழியாக வேண்டும். சுவாச அதிர்வில் குறுக்கலையும் சறுக்குத் தகைவும் விழுந்துவிடுவதால் நான்குக்கு நான்காகக் குறைகிறது. முதலில் இதைச் செய்து முடியுங்கள்.

சுவாச அதிர்வில் ஆர இடப்பெயர்ச்சியை ஒரு சார்பின் வகைக்கெழுவாக எழுதிவிட்டால் வேலை எளிது. இயக்கச் சமன்பாடு அந்தச் சார்புக்கான அலைச் சமன்பாடாக மாறி, வெப்பநிலை வலப்பக்கத்தில் மூலமாக நிற்கும். வெப்பச் சமன்பாட்டையும் சேர்த்து வெப்பநிலையை நீக்கினால் லாப்லாசியனில் ஒரு இருபடிச் சமன்பாடு வரும். அதன் இரண்டு மூலங்கள் இரண்டு அலை எண்களைத் தருகின்றன. ஒன்று கிட்டத்தட்ட சாதாரண ஒலி, துளி வேகம் கூடியது, மிகமிகச் சிறிய தணிவுடன். மற்றது ஊடுருவும் ஆழத்துக்குள் அடங்கிவிடும் வெப்ப அலை. ஒவ்வொன்றுக்கும் தீர்வு பூச்சிய வரிசைக் கோளப் பெசல் சார்புகள். அவை வேறொன்றுமில்லை, சைனையும் கொசைனையும் ஆரத்தால் வகுத்தவைதான். முதல் மூலத்துக்கு இரண்டு, இரண்டாவதுக்கு இரண்டு, ஆக நான்கு மாறிலிகள்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். மெதுவாக நடந்தால் சூடு பரவ நேரம் கிடைக்கும், எனவே தாழ் அதிர்வெண்ணில் வெப்பநிலை மாறாது, உயர் அதிர்வெண்ணில் வெப்பப் பரிமாற்றம் இராது என்று சொல்வார்கள். எல்லையற்ற ஊடகத்தில் போகும் அலைக்கு இது நேர் எதிர். அதிர்வெண்ணை நான்கு மடங்காக்கினால் அலைநீளம் நான்கில் ஒன்றாகிறது, ஆனால் ஊடுருவும் ஆழம் பாதிதான் ஆகிறது. அதிர்வெண் ஏற ஏற, சூடு போகவேண்டிய தூரம், அதற்குக் கிடைக்கும் நேரத்தில் அது போகக்கூடிய தூரத்தைவிட வேகமாகச் சுருங்குகிறது. ஆகவே மிக உயர்ந்த அதிர்வெண்ணில்தான் வெப்பநிலை மாறா வேகம் வரும். எஃகில் அந்த எல்லை, வெப்பநிலை மாறா நெட்டலை வேகத்தின் வர்க்கத்தை வெப்பப் பரவல் எண்ணால் வகுத்தது: விநாடிக்கு 10-இன் 12-ஆவது அடுக்கை ஒட்டிய ரேடியன்கள். நம் கோளம் அதற்குக் கோடிக்கணக்கான மடங்கு கீழே இருக்கிறது. ஆனால் சூடு கடக்கவேண்டிய தூரம் சுவரின் தடிமன் என்று நிலையாக இருக்கும்போது, மாணவர் சொன்னதே சரி. இரண்டு சூழலையும் பிரித்துச் சொல்லாமல் ‘தாழ் அதிர்வெண் எல்லை’ என்று மட்டும் எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருள் இல்லை.

எல்லை நிபந்தனைகளில் தகைவு சுழி என்பதில் கேள்வி இல்லை. வெப்ப நிபந்தனையில்தான் தேர்வு இருக்கிறது: பரப்பின் வெப்பநிலை மாறாமல் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது பரப்பு வழியாக வெப்பமே போகவில்லையா? நம் கோளத்தில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். அதிர்வெண்ணில் வரும் வேறுபாடு 0.2 ஹெர்ட்ஸைத் தாண்டாது. தணிவில்தான் மலையளவு வேறுபாடு. பரப்பு வெப்பநிலை பிடித்துவைக்கப்பட்டால் இரண்டு பரப்புகளை ஒட்டிய 17 மைக்ரோமீட்டர் தோலில் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. தரக்காரணி (தணிவு குறையக் குறையக் கூடும் எண்) நாற்பதாயிரத்துக்குச் சற்று மேலே வருகிறது. இந்த எண்ணைக் கையாலேயே சரிபார்க்கலாம்: சுவாச அதிர்வின் விறைப்பில் வரும் மாற்றம் 0.0068 (அதிர்வெண் ஏற்றமான 0.34 சதவீதத்தின் இரு மடங்கு), அதை ஊடுருவும் ஆழத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் தரக்காரணியின் தலைகீழ் கிடைக்கும். பரப்பு வெப்பக் காப்பிடப்பட்டதாக எடுத்தால், சுவாச அதிர்வில் பருமத் திரிபு சுவர் முழுவதும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் சூடு போக இடமே இல்லை, தணிவு மறைந்துபோகிறது. காற்றில் தொங்கும் உண்மையான எஃகுக் கோளம் இந்த இரண்டாவதை ஒட்டியே இருக்கும். அதன் அதிர்வு அடங்குவதற்குக் காரணம் காற்றுக்குள் போகும் ஒலி, தாங்கியில் ஏற்படும் இழப்பு போன்றவை. ஆகவே சமவெப்பப் பரப்பு எடுத்துத் தணிவு கணக்கிட்டால், அந்தப் பரப்பை எது அப்படிப் பிடித்துவைக்கிறது என்று ஒரு வரியாவது எழுத வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, கணினியில் எண்கள் எல்லை மீறுவது. காரணம் வெப்ப அலையின் அலை எண். அது கலப்பெண், அதன் கற்பனைப் பகுதி ஊடுருவும் ஆழத்தின் தலைகீழ். ஆரம் 10 சென்டிமீட்டர், ஆழம் 17 மைக்ரோமீட்டர் என்றால் சைனுக்குள் வரும் எண்ணின் கற்பனைப் பகுதி 6000-ஐ ஒட்டி இருக்கும். இரட்டைத் துல்லியத்தில் அடுக்குக்குறிச் சார்பின் அடுக்கு 709-ஐத் தாண்டினாலே எண் வழிந்துவிடும். நிரலில் தவறு இல்லை. சார்புகளைத் தேர்ந்த விதம்தான் தவறு. மையத்திலிருந்து அளக்கும் சைன், கொசைனை வெப்பப் பகுதிக்கு விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக உள்பரப்பில் ஒன்றாகத் தொடங்கிச் சுவருக்குள் போகப்போகத் தேயும் ஒரு அடுக்குக்குறிச் சார்பு, வெளிப்பரப்பில் ஒன்றாகத் தொடங்கி உள்நோக்கித் தேயும் இன்னொன்று, இரண்டையும் ஆரத்தால் வகுத்து எடுத்துக்கொள்ளுங்கள். இவையும் அதே சமன்பாட்டின் தீர்வுகளே. ஒரு சுவரிலிருந்து கிளம்பியது மறு சுவரை அடையும்போது 10-இன் 129-ஆவது அடுக்கில் ஒரு பங்காகிவிடும். அதைச் சுழியாக எடுத்தாலும் விடை மாறாது. எந்தச் சுவரின் வெப்ப அலையும் எதிர்ச் சுவரை அறியாது என்ற இயற்பியல், அணிக்கோவையில் இரண்டு சுழிகளாகத் தெரியும்.

அப்புறம் அளவீட்டு அலகுகளை நீக்குங்கள்: நீளத்தை வெளி ஆரத்தாலும், நேரத்தை ஒலி அந்த ஆரத்தைக் கடக்கும் நேரத்தாலும் வகுங்கள். மூலம் தேட முல்லர் முறையோ நியூட்டன் முறையோ போதும், தொடக்கப் புள்ளி நல்லதாக இருந்தால். அந்தப் புள்ளி ஏற்கெனவே கையில் இருக்கிறது: வெப்பப் பரிமாற்றமில்லாக் குணகங்களைப் போட்டு வரும் மெய்யெண் அதிர்வெண். இரண்டு மூன்று சுற்றில் கலப்பெண் மூலம் வந்துவிடும். அதன் மெய்ப்பகுதி அதிர்வெண், கற்பனைப் பகுதி தணிவு. தேடும்போது கற்பனை அச்சின் மேலேயே இன்னொரு வரிசை மூலங்கள் தட்டுப்படும். அவை அதிர்வே அல்ல, சுவருக்குள் வெப்பநிலை வேறுபாடு சமனாகும் வேகங்கள். நம் சுவரில் முதலாவதன் காலம் 0.2 விநாடி. அவற்றை அதிர்வு வரிசையில் எண்ணிவிடாதீர்கள்.

வளைவு அதிர்வுகளுக்கு வந்தால் கதை மாறுகிறது. கோளம் நீள்வட்டமாகவும் தட்டையாகவும் மாறி மாறி அதிரும் வகையைப் பாருங்கள். சுவர் வளையும்போது ஒரு பக்கம் அமுங்குகிறது, மறு பக்கம் நீள்கிறது. ஒரு பக்கம் சூடு, எதிர்ப்பக்கம் குளிர்ச்சி, இடையில் தடிமன் மட்டும். பரப்பு காப்பிடப்பட்டிருந்தாலும் சூடு சுவருக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பாய்கிறது, ஆற்றல் இழக்கப்படுகிறது. 1937-இல் ஜீனர் மெல்லிய சட்டத்துக்கு இதைக் கணக்கிட்டார். அவர் சூத்திரத்தின் சாரம்: சூடு தடிமனைக் கடக்கும் நேரமும் அதிர்வின் காலமும் ஒத்துப்போகும்போது தணிவு உச்சம் தொடும், இரு புறமும் சரியும். எஃகில் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு உச்சம் 0.75 ஹெர்ட்ஸில். கோளம் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமாக அதிர்வதால் தணிவு சொற்பம். அதே எஃகு 37 மைக்ரோமீட்டர் தடிமனாக இருந்தால் உச்சம் 13.6 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்காரும், தரக்காரணி எண்ணூறை ஒட்டி விழுந்துவிடும். கோளக் கூட்டுக்குப் பாய்சன் விகிதம் சேர்ந்த ஒரு காரணி கூடுதலாக வரும். பருமன் வரிசை மாறாது.

இது ஏட்டளவில் நிற்கும் கணக்கு இல்லை. அதிரும் கிண்ணம் சுழன்றால் அதன் அதிர்வுக் கோலம் கிண்ணத்தோடு முழுதாகச் சுழலாமல் பின்தங்குகிறது என்று 1890-இல் பிரையன் காட்டினார். அந்த விளைவை வைத்துச் செய்யப்படுவது, சுழற்சியை உணரும் கருவியான அரைக்கோள ஒத்ததிர்வு ஜைரோஸ்கோப். காசினி விண்கலம் அதோடுதான் சனிக்குப் போனது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியிலும் அதுவே இருக்கிறது. அதன் கிண்ணம் உருக்கிய சிலிக்காவால் ஆனது. ஏன் எஃகு இல்லை என்பதற்கு ஜீனர் சூத்திரமே ஒரு பெரிய காரணம் சொல்கிறது. தணிவின் உச்ச அளவு விரிவுக் குணகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். உருக்கிய சிலிக்காவின் விரிவுக் குணகம் எஃகினதில் இருபதில் ஒரு பங்குதான். மற்ற மதிப்புகளையும் சேர்த்துப் போட்டால் வெப்பத் தணிவின் உச்சம் எஃகைவிடச் சுமார் 600 மடங்கு சிறிது. அதனால்தான் ஒரு கோடிக்கு மேற்பட்ட தரக்காரணி அங்கே சாத்தியமாகிறது.

சுவாச அதிர்வும் ஒரு இடத்தில் மிகத் துல்லியமாகத் தேவைப்பட்டது. வாயு மாறிலியை அளக்க 1988-இல் மோல்டோவரும் உடன் பணியாற்றியவர்களும் எஃகுக் கோளக் கூட்டுக்குள் ஆர்கான் வாயுவை நிரப்பி அதன் ஒலி ஒத்ததிர்வுகளை அளந்தார்கள். வாயு அதிரும்போது சுவரும் சேர்ந்து சுவாசிக்கிறது. அதற்கான திருத்தத்தில் கூட்டின் சுவாச அதிர்வெண் நேரடியாக வருகிறது. வாயுவுக்கும் சுவருக்கும் இடையே உள்ள மெல்லிய வெப்பத் தோலின் திருத்தமும் அதே கணக்கில் உண்டு. நாம் பார்த்த ஊடுருவும் ஆழம்தான், வாயுவுக்கானது. பிற்பாடு செம்புக் கோளக் குழிகளில் இதே முறையை மேம்படுத்திச் செய்த அளவீடுகள், 2019-இல் போல்ட்ஸ்மன் மாறிலிக்கு நிலையான மதிப்பு வைக்கப்பட்டதற்குப் பெரிதும் உதவின.

கடைசியாகக் கோட்பாட்டுத் தேர்வு. ஃபூரியே விதியின்படி ஒரு இடத்தில் சூடு வைத்தால் அடுத்த கணமே எங்கும் அது தெரிய வேண்டும். வேகத்துக்கு வரம்பு இல்லை. கத்தனியோ 1948-இலும் வெர்னோத் 1958-இலும் வெப்பப் பாய்வு சிறிது தாமதமாகவே விழித்துக்கொள்கிறது என்று ஒரு தளர்வு நேரத்தைச் சேர்த்தார்கள். 1967-இல் லார்டும் ஷுல்மனும் அதை வெப்பமீட்சிக்குள் கொண்டுவந்தார்கள். 1972-இல் கிரீனும் லிண்ட்சேயும் இரண்டு தளர்வு நேரங்களோடு வேறொரு வழியில் வந்தார்கள். 1990-களில் கிரீனும் நாக்டியும் இன்னொரு வரிசைக் கோட்பாடுகளைத் தந்தார்கள். அலையாகப் போகும் வெப்பம் கற்பனை இல்லை: 1944-இல் பெஷ்கோவ் மீபாய்ம ஹீலியத்தில் அதைக் கண்டார், 2019-இல் கிராஃபைட்டில் 100 கெல்வினுக்கு மேலேயே காட்டப்பட்டது.

ஆனால் அறை வெப்பநிலை உலோகத்தில் இந்தத் தளர்வு நேரம் பிகோ விநாடி அளவிலோ அதற்குக் கீழோதான். அதை நம் கோளத்தின் கோண அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒரு கோடியில் ஒரு பங்கு. பயோ, லார்ட்–ஷுல்மன், கிரீன்–லிண்ட்சே மூன்றும் ஏழு இலக்கம் வரை ஒரே விடையைத் தரும். எஃகுக் கோளத்துக்கு மூன்று கோட்பாடுகளின் வளைகோடுகளைப் பிரித்துக் காட்டும் படம் ஒன்று கண்ணில் பட்டால், அதில் தளர்வு நேரத்துக்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பிரிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த எண்ணைப் பெரிதாக்குவது இயற்பியல் ஆகாது. பயோவின் கோட்பாட்டை எடுங்கள். தளர்வு நேரத்தால் வரும் திருத்தம் எவ்வளவு சிறியது என்று ஒரு மதிப்பீடு கொடுங்கள். அது போதும், நேர்மையானதும்கூட.

தளர்வு நேரம் உண்மையிலேயே முக்கியமாகும் கோளம் வேண்டுமானால் நானோ அளவுக்குப் போக வேண்டும். 25 நானோமீட்டர் ஆரமுள்ள மெல்லிய தங்கக் கூட்டின் சுவாச அதிர்வுக்கு அதே கைக்கணக்கு 24 ஜிகாஹெர்ட்ஸ் தருகிறது. ஒரு அதிர்வுக்கு 40 பிகோ விநாடி. இப்படிப்பட்ட கூடுகளை மிகக் குறுகிய லேசர்த் துடிப்பால் சட்டென்று சூடாக்கி, அந்தத் திடீர் விரிவினாலேயே அதிரவைத்து அளக்கிறார்கள். இங்கே ஊடுருவும் ஆழம் 40 நானோமீட்டர், சுவர்த் தடிமன் சில நானோமீட்டர். எஃகுக் கோளத்தில் பார்த்த விகிதம் அப்படியே புரண்டுவிடுகிறது. ஆனால் இங்கேயும் லார்ட்–ஷுல்மனை அப்படியே போட முடியாது. லேசர் முதலில் எலக்ட்ரான்களைத்தான் சூடாக்குகிறது, படிக அணிக்கு அச்சூடு போய்ச் சேர ஒரு பிகோ விநாடி அளவில் ஆகிறது. ஆகவே எலக்ட்ரானுக்கும் படிக அணிக்கும் தனித்தனி வெப்பநிலை எடுக்கும் மாதிரி வேண்டும். சுற்றியுள்ள நீருக்குள் போகும் ஒலியும் வெப்பமும் தணிவைத் தீர்மானிப்பதால் தகைவு சுழி என்ற எல்லை நிபந்தனையும் மாறும். இது அருமையான ஆய்வுப் பொருள், ஆனால் முதுகலை ஏட்டுக்கு அடுத்த கட்டம்.

உங்கள் நிரல் முடிந்ததும் மூன்று இடங்களில் சோதியுங்கள். பிணைப்பு எண்ணைச் சுழியாக்கினால் தூய மீட்சி அதிர்வு வர வேண்டும். தடிமனைக் குறைத்துக்கொண்டே போனால் 13.6 கிலோஹெர்ட்ஸ் தந்த மெல்லிய கூட்டின் சூத்திரத்தை நெருங்க வேண்டும். பிணைப்போடு ஓட்டினால் அதற்கு 46 ஹெர்ட்ஸ் மேலே. ஆனால் தடிமனை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வெகுவாகக் குறைத்தால் சமவெப்பப் பரப்பில் அந்த 46 கரையத் தொடங்கும், அதுவும் சரிதான். பிணைப்பில்லாமல் உள் ஆரத்தைச் சுழியை நோக்கிக் குறைத்தால் திண்மக் கோளம்: பாய்சன் விகிதம் 0.25 என்று வைத்து, கோண அதிர்வெண்ணை ஆரத்தால் பெருக்கி நெட்டலை வேகத்தால் வகுத்தால் முதல் மூலம் பையின் 0.816 மடங்காக வர வேண்டும். இந்த மூன்றும் சரியாக வந்த பிறகு ஆறுக்கு ஆறு அணிக்கோவையைத் தொடுங்கள்.